சிங்கப்பூர்ல காட்டு விலங்கு பாக்கணுமா? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்க வந்து பல வருசம் ஆச்சு, காக்கா மைனா புறாவத் தவிர ஒண்ணும் கண்ணுல படலன்னு சொல்ற நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க. இங்கயே பொறந்து வளந்தவங்களும் "விலங்கு பாக்கணும்னா மண்டாய் ஸூவுக்குப் போ"ன்னுதான் சொல்லுவாங்க. ஆனா வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்குக்குப் பின்னால ஓடுற கால்வாய்லயே நீர்நாய் குடும்பம் குடும்பமா மீன் புடிச்சுத் திங்குது, சிக்லாப் பக்கம் மாம்பழம் பழுத்தா வீட்டுக் கூரை மேல மரநாய் நடமாடுது, புக்கிட் தீமா காட்டுல மரத்துக்கு மரம் காத்துல மெதந்து போற பிராணி கூட இருக்கு. நாம வேலைக்குப் போய் வர்ற நேரத்துல அதுல பாதி தூங்குது, அதுங்க கெளம்புற நேரத்துல நாம வீட்டுக்குள்ள டிவி முன்னாடி, அதான் விசயம். எந்த விலங்கு எத்தன மணிக்கு எந்திரிக்கும், எதத் திங்க எங்க வரும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டாலே பாதி வேல முடிஞ்சிரும். அது தெரிஞ்சிட்டா அதுக்கிட்ட நாம எப்படி நடந்துக்கணும்ங்கறதும் சேந்தே புரிஞ்சிரும்.

முதல் படி: ஒரே ஒரு எடத்தப் புடிங்க

தீவு பூரா சுத்தாதீங்க. வீட்டுலேர்ந்து பஸ்ஸு இல்ல எம்ஆர்டில அரை மணி நேரத்துல போற எடமா ஒண்ணு எடுத்துக்கிட்டு அங்கயே திரும்பத் திரும்பப் போங்க. பீஷான், அங் மோ கியோ, தோ பாயோ பக்கம் இருக்கவங்களுக்கு பீஷான்-அங் மோ கியோ பார்க். பொங்கோல், செங்காங்னா பொங்கோல் வாட்டர்வே. கிழக்குல பாசிர் ரிஸ் பார்க், மேற்குல ஜூரோங் லேக் கார்டன்ஸ். கிராஞ்சி, உட்லண்ட்ஸ் பக்கம் டார்மிட்டரில தங்கியிருக்குற தம்பிங்களுக்கு சுங்கை பூலோ சதுப்பு நிலம் கிட்ட, கிராஞ்சி எம்ஆர்டிலேர்ந்து 925 பஸ்ஸு அந்தப் பக்கம் போகும், உள்ள போக காசு கெடையாது. ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் லீவுன்னா தேக்கா போறதுக்கு முன்னாடி காலைல ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க போதும். சுங்கை பூலோல முதலையும் இருக்கு, நெசமான காட்டு முதலை, அதனால பாதைய விட்டு எறங்கி சேத்துப் பக்கம் போகவே கூடாது.

நேரத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஊருலேர்ந்து புதுசா வந்தவங்க இதுல கொழம்பிப் போறாங்க. நம்ம ஊருல காலைல ஆறு மணிக்கே பளபளன்னு விடிஞ்சிரும், இங்க ஏழு மணி வாக்குலதான் சூரியன் வருது, சாயங்காலமும் ஏழு மணி வாக்குலதான் மறையுது, வருசம் முழுக்க இதே கணக்குதான், பெருசா மாறாது. அதனால பகல் விலங்குக்கு காலைல ஏழுலேர்ந்து ஒன்பது, சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து இருட்டுற வரைக்கும். மத்தியானம் போனா வெயில்தான் மிச்சம், கொரங்கு கூட நெழல்ல படுத்துக்கும். புக்கிட் தீமா, சென்ட்ரல் கேட்ச்மென்ட், சுங்கை பூலோ மாதிரி இயற்கை வனப்பகுதியெல்லாம் காலைல ஏழுலேர்ந்து ராத்திரி ஏழு வரைக்கும்தான் தெறந்திருக்கும், அதுக்கு மேல உள்ள இருந்தா சட்டப்படி தப்பு. ராத்திரி விலங்கு பாக்க ஆசன்னா பாசிர் ரிஸ் பார்க், ரயில் காரிடார் (பழைய ரயில் பாதைய நடைபாதையா மாத்துன எடம்) மாதிரி நேரக் கட்டுப்பாடு இல்லாத எடமாப் பாத்துப் போகணும்.

என்ன எடுத்துட்டுப் போகணும்

ரொம்ப இல்ல. தண்ணி, கொசு மருந்து, மழைக்கு ஒரு குடை, மண்ணுல வழுக்காத ஷூ. எட்டு மடங்கு பெருசாக் காட்டுற பைனாகுலர் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும், அதுக்கு மேல பவர் வாங்குனா கை நடுக்கத்துல ஒண்ணும் தெரியாது. ராத்திரிக்கு ஒரு சின்ன டார்ச், அதுக்கு சிவப்புக் கண்ணாடித்தாள ஒட்டிக்கங்க, வெள்ள வெளிச்சம் ராத்திரி விலங்கோட கண்ணக் கூசவச்சு கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாமப் பண்ணிரும். சாப்பாட்டு மூட்ட மட்டும் வேணாம், ஏன்னு கொரங்கு பகுதில சொல்றேன். இடி இடிச்சா உடனே கூரை உள்ள எடத்துக்கு வந்துருங்க, இங்க மின்னல் வெளையாட்டு இல்ல.

ரெண்டாவது படி: அணில வச்சுக் கண்ணப் பழக்குங்க

இத யாரும் மதிக்க மாட்டாங்க, ஆனா இங்கதான் ஆரம்பிக்கணும். புளோக்குக்குக் கீழ மரத்துல ஓடுற அணில நின்னு பாருங்க, ஊருல பாத்த மூணு கோடு முதுகுல இருக்காது. முதுகு பழுப்பு, வயிறு செங்கல் நெறம், ரெண்டுக்கும் நடுவுல பக்கவாட்டுல கருப்பும் வெள்ளையுமா ஒரு கோடு. காலைலயும் சாயங்காலமும்தான் சுறுசுறுப்பு. குச்சி, எல, நாரெல்லாம் சேத்து கெளைக் கவட்டுல உருண்டையா கூடு கட்டியிருக்கும். சில நேரம் ஒரே எடத்துல ஒக்காந்து வால வெட்டி வெட்டி ஆட்டிக்கிட்டு "சக் சக் சக்"ன்னு விடாம கத்தும், அப்ப அணிலப் பாக்காதீங்க, அது எந்தப் பக்கம் பாக்குதோ அங்க பாருங்க. பூனையோ பாம்போ கழுகோ பல நேரம் பக்கத்துல இருக்கும். இத ஒரு தடவ புடிச்சிட்டீங்கன்னா காட்டுக்குள்ள காத வச்சே பாதி விசயம் தெரிஞ்சுக்கலாம்.

மெக்ரிட்சி, புக்கிட் தீமா பக்கம் போனா அணில் மாதிரியே தரையில எலச்சருகுக்குள்ள பரபரன்னு மேயுற ஒண்ணு இருக்கும், மூக்கு நீளமா கூரா இருக்கும், தோள்ல வெளிறுன கோடு ஒண்ணு. அது அணில் இல்ல, மர மூஞ்சூறு. பூச்சியும் விழுந்த பழமும் திங்கும். மூக்க மட்டும் பாத்தா போதும், குழப்பம் வராது.

மூணாவது படி: நீர்நாய்

சிங்கப்பூர்ல மொதல்ல எந்தப் பெரிய விலங்கத் தேடலாம்னு கேட்டா நான் நீர்நாய்னுதான் சொல்லுவேன். பகல்ல வரும், கூட்டமா வரும், சத்தம் போடும், வேற என்ன வேணும். ஆறும் கால்வாயும் நாறிக் கெடந்த காலத்துல இதுங்க இங்க இல்லாமலே போயிருச்சு. 1977ல சிங்கப்பூர் ஆத்தையும் காலாங் ஆத்தையும் சுத்தம் பண்ற வேலைய ஆரம்பிச்சு பத்து வருசத்துல முடிச்சாங்க, தண்ணில மீன் திரும்ப வந்துச்சு, 1990கள் கடைசில ஜொகூர் நீரிணைய நீந்தி நீர்நாயும் சுங்கை பூலோ பக்கம் வந்து குடியேறுச்சு. பீஷான் பார்க்குல கான்கிரீட் கால்வாய ஒடச்சு நெளிஞ்சு ஓடுற ஆறா மாத்துனது 2012ல, அதுக்கு ரெண்டொரு வருசத்துல அங்க ஒரு குடும்பம் வந்து குட்டி போட்டு நாடே பாக்கப் போச்சு. 2019ல தீவு முழுக்க 90 போல இருந்துச்சு, 2021ல 170 கிட்ட வந்துருச்சு. மனுசன் கெடுத்தத மனுசனே சரி பண்ண முடியும்ங்கறதுக்கு இத விட நல்ல சாட்சி எனக்குத் தெரியல, ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் மனசு நெறஞ்சு போகுது.

எப்படித் தேடுறது? மொதல்ல தரையப் பாருங்க. ஆத்தங்கரைல புல்லு மேலயோ படிக்கட்டு ஓரத்துலயோ கருப்பா கொழகொழன்னு ஒரு கழிவு இருக்கும், கிட்டக் குனிஞ்சு பாத்தா மீன் செதிலு ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னும், சின்னச் சின்ன முள்ளு, எறா ஓடு, அழுகுன மீனுக்கடை நாத்தம். அதுங்க குடும்பமே ஒரே எடத்துல போயி எல்லைய அடையாளம் வைக்கும். ஈரமா இருந்தா இப்பதான் போயிருக்கு, காஞ்சு வெளுத்துப் பொடியா இருந்தா பழசு. பக்கத்துல மணல்ல உருண்டு பொரண்ட தடம் இருக்கும், தண்ணிய விட்டு ஏறுனதும் ஒடம்ப மணல்லயும் புல்லுலயும் தேச்சுக் காயவைக்கிற பழக்கம் அதுங்களுக்கு. அந்த எடத்த மனசுல வச்சுக்கிட்டு மறுநாள் காலைல ஏழு மணிக்கு வந்து கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. தண்ணில மொதல்ல குமிழி வரிசையா வரும், அப்புறம் தலைங்க. "கீச் கீச்"ன்னு ஒண்ண ஒண்ணு கூப்புட்டுக்கிட்டே வரும்.

குடும்பத்த பாத்தா நம்ம கூட்டுக் குடும்பம்தான், அப்பா அம்மா, போன ஈட்டு அண்ணன் அக்கா, இந்த ஈட்டு குட்டி. குட்டிங்க பொறந்ததும் நீந்தாது, தண்ணியக் கண்டாலே கத்தும், பெரியவங்க கழுத்தப் புடிச்சு இழுத்துத் தண்ணில போட்டுப் பழக்குவாங்க. அது கொடுமையில்ல, பாடம், அதப் பாத்துட்டு யாரும் காப்பாத்தப் போயிராதீங்க. மூத்த அண்ணன் அக்காங்க மீன் புடிச்சு குட்டிக்குக் கொண்டாந்து குடுக்கும். இன்னொரு குடும்பம் எல்லைக்குள்ள வந்துட்டா சண்ட பலமா இருக்கும், ரத்தம் வர்ற சண்ட.

பாக்கும்போது பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்க, அதுங்களுக்கும் தண்ணிக்கும் நடுவுல மட்டும் நிக்கவே நிக்காதீங்க. தப்பிக்கிற வழி அடைஞ்சு போச்சுன்னு நெனச்சா, அதுவும் குட்டி கூட இருந்தா, கடிக்கும். 2021ல பொட்டானிக் கார்டன்ஸ்ல விடியாத நேரத்துல ஒருத்தர கூட்டமா சேந்து கடிச்சிருச்சு. நாய் வளக்குறவங்க கயித்த விடாதீங்க. தனி வீட்டுலயோ காண்டோலயோ கோய் மீன் வளத்தா வலையும் வேலியும் போட்டுருங்க, அதுக்கு அது மீன் கொளம் அவ்ளோதான், வெலை ஆயிரக்கணக்குல போட்டு வாங்குனதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்.

நாலாவது படி: கொரங்கு, இது பாக்குறத விடப் பழகுறது

நீள வால் கொரங்கப் பாக்க கஷ்டமே இல்ல. புக்கிட் தீமா, மெக்ரிட்சி, பியர்ஸ் நீர்த்தேக்கம், மண்டாய், ரைபிள் ரேஞ்ச் ரோடு, எங்க போனாலும் காட்டு ஓரத்துல இருக்கும். அத்திப்பழம், கொட்ட, இளந்தளிர், பூச்சி எல்லாம் திங்கும், கன்னத்துக்குள்ள பை இருக்கு, அவசரமா அடைச்சு வச்சுக்கிட்டு அப்புறம் ஒக்காந்து மெல்லும். புதுசாப் பொறந்த குட்டி நல்ல கருப்பா இருக்கும், கூட்டத்துல கருப்புக் குட்டி தெரிஞ்சா இன்னும் தள்ளி நில்லுங்க.

முகத்தப் படிக்கத் தெரியணும். வாயத் தெறந்து புருவத்த ஏத்தி மொறச்சா மெரட்டுது. பெரிய ஆம்பளக் கொரங்கு நம்மளப் பாத்து கோரப்பல்லு தெரிய கொட்டாவி விட்டா அது தூக்கம் இல்ல, "தள்ளிப் போ"ன்னு அர்த்தம். பல்ல இளிச்சா சிரிக்குதுன்னு கொழந்தைங்க சந்தோசப்படும், ஆனா அது பயத்துல செய்றது. ஒதட்ட சப்புக்கொட்டுற மாதிரி வேகமா அசைச்சா சமாதானமா இருக்குன்னு எடுத்துக்கலாம். அதுங்க கண்ணையே உத்துப் பாக்காதீங்க, அது சண்டைக்குக் கூப்பிடுறதா எடுத்துக்கும். கிட்ட வந்தா ஓடாம, கத்தாம, கையில உள்ளத நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு மெதுவா பின்னால நகந்து போங்க, கொழந்தைய தூக்கிக்கங்க.

பிளாஸ்டிக் பைன்னா அதுக்கு சாப்பாடு. உள்ள செருப்பு இருந்தாலும் சரி, டபாவ் (பார்சல்) பண்ணுன பிரியாணி இருந்தாலும் சரி, பறிச்சிரும். அதான் சாப்பாட்டு மூட்ட வேணாம்னு மேல சொன்னேன், தண்ணி கூட பேக்குக்குள்ள ஜிப் போட்டு வைங்க.

அடுத்து சொல்றத நம்ம ஆளுங்க கொஞ்சம் பொறுமையாப் படிக்கணும். ஆஞ்சநேயர நெனச்சு சனிக்கெழம கொரங்குக்கு வாழைப்பழம் குடுக்குறது புண்ணியம்னு கேட்டு வளந்தவங்க நாம, அந்த மனசு நல்ல மனசுதான். ஆனா இங்க அந்தப் பழம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. கையிலேர்ந்து வாங்கிப் பழகுன கொரங்கு மனுசன்கிட்ட பயத்த விட்டுரும், நாளைக்கு ஒரு ஸ்கூல் புள்ள கையிலேர்ந்து பறிக்கும், கடிக்கும், புகார் போகும், கூண்டு வைப்பாங்க, புடிபட்ட கொரங்கக் கொன்ன சம்பவமும் இங்க நடந்திருக்கு. ரோட்டோரம் கார நிறுத்தி ரொட்டி போடுறவங்கனால கொரங்கு ரோட்டுக்கு வந்து வண்டில அடிபடுது. காட்டுல அதுக்கு வேண்டிய சாப்பாடு இருக்கு, அது திங்கிற பழத்தோட கொட்டதான் காட்டுல அடுத்த மரமா மொளைக்குது. சட்டமும் கடுமை, 2020 ஜூன்லேர்ந்து காட்டு விலங்குக்கு சாப்பாடு போட்டா மொதல் தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மறுபடி மாட்டுனா 10,000 வரைக்கும். புண்ணியம் வேணும்னா கோவில்ல அன்னதானத்துக்குக் குடுங்க, கொரங்க கொரங்கா இருக்க விடுங்க. கடிபட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணில நல்லாக் கழுவிட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிரணும்.

இதே காட்டுல இன்னொரு கொரங்கு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது, ராஃபிள்ஸ் பட்டை லங்கூர். கரேல்னு இருக்கும், தொடைக்கு உள்பக்கம் வெள்ளப் பட்டை, கண்ணச் சுத்தி வெளிறுன வளையம். மரத்த விட்டு கீழ எறங்குறது ரொம்பக் கம்மி, மனுசனப் பாத்தா ஓடிரும். குட்டி வெள்ளையா, முதுகுல கருப்புக் கோட்டோட பொறக்கும். 2010 வாக்குல 40 போலத்தான் இருந்துச்சு, இப்ப 70க்கு மேல. உலகத்துலயே சிங்கப்பூரையும் தெற்கு மலேசியாவையும் விட்டா இது வேற எங்கயும் கெடையாது. தேடணும்னா ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டில எறங்கி தாம்சன் நேச்சர் பார்க் போங்க, முன்னாடி ஹைனான் கிராமம் இருந்த எடம், அவங்க வச்ச ரம்புத்தான் மரங்க இன்னும் நிக்குது. பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கயித்துப் பாலம் கட்டியிருக்காங்க, லங்கூர் ரோட்டுல எறங்காம கடக்கறதுக்காக. அங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே அசையாம நில்லுங்க, காத்தே இல்லாம உச்சிக் கெளை ஆடுச்சுன்னா அதுதான். வரலன்னா இன்னொரு நாள் போங்க, இதுக்குப் பொறுமை வேணும்.

அஞ்சாவது படி: இருட்டுனப்புறம்

இதுக்கு எங்கயும் போகவே வேணாம். காலைல எந்திரிச்சுப் பாத்தா பால்கனித் தரையிலயோ புளோக்குக்குக் கீழ இருக்குற திறந்தவெளித் தளமான வாய்ட் டெக்லயோ சக்கையாத் துப்புன பழமும் மஞ்சக் கறையும் கெடந்தா, மேல விட்டத்துல பழந்திங்கி வௌவால் ராத்திரி வந்து ஒக்காந்து தின்னுட்டுப் போயிருக்கு. பழத்த மரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து ஒதுக்குப்புறமா வச்சுத் திங்கிற பழக்கம் அதுக்கு. பகல்ல பனை எல, வாழை எல மாதிரி பெரிய எலைய நரம்புப் பக்கம் கடிச்சு மடக்கி அதுக்கு அடியில தொங்கும். பிடிக்கலன்னா அது ஒக்கார்ற எடத்துல ராத்திரி லைட்ட போட்டு வைங்க, வராது. வீட்டுக்குள்ள நொழைஞ்சிருச்சுன்னா தொடப்பத்த எடுக்காதீங்க, ஃபேன நிறுத்தி, லைட்ட அணைச்சு, ஜன்னல அகலமாத் தெறந்து விடுங்க, அதுவே போயிரும். வெறுங்கையால தொடக் கூடாது. டுரியான் பூவ மகரந்தம் சேக்குறதும் ஒரு வௌவால்தான், கேலாங்ல ஒக்காந்து டுரியான் திங்கும்போது அத ஒரு நிமிசம் நெனைங்க.

மரநாய், மலாய்க்காரங்க மூசாங்ம்பாங்க. சாம்பலும் பழுப்பும் கலந்த நெறம், மொகத்துல கருப்பு, ஒடம்பு அளவுக்கு நீள வாலு. சிக்லாப், தெலோக் குராவ் பக்கம் தரை வீடுங்க இருக்குற தெருக்கள்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல மதில் சுவரு, கரண்ட் வயரு, கூரை விளிம்பப் பாத்துக்கிட்டே மெதுவா நடங்க. தனியாத்தான் திரியும். மா, சிக்கு (சப்போட்டா), பப்பாளி, ரம்புத்தான் எது பழுத்திருக்கோ அங்க வரும், எலியும் நத்தையும் கூடத் திங்கும். இதோட தடயம் ரொம்ப சுலபம், மதில் மேலயோ காஞ்ச மரக்கட்டை மேலயோ கொட்டை கொட்டையா கழிவு இருக்கும், கொட்டை ஒண்ணு கூட ஒடஞ்சிருக்காது, சதைய மட்டும் செரிச்சிட்டு அப்படியே வெளிய போட்டுரும். சில நேரம் அது போன எடத்துல பண்டான் எல வாசம் அடிக்கும். ஓட்டுக் கூரைக்குள்ள குட்டி போட்டா தடதடன்னு சத்தம் கேக்கும், பேய்னு பயந்தவங்க எல்லாம் உண்டு. கொஞ்ச நாள் பொறுத்தா குட்டி வளந்து போயிரும், அப்புறம் ஓட்டைய அடைச்சுக்கலாம். குட்டி உள்ள இருக்கும்போது அடைச்சிராதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

ஆறாவது படி: காட்டுக்குள்ள, மரப்பட்டையப் பாத்து நடக்குறது

கொலுகோன்னு ஒரு பிராணி. கழுத்துலேர்ந்து வால் நுனி வரைக்கும் ஒடம்பச் சுத்தி தோல் சவ்வு, அத விரிச்சு ஒரு மரத்துலேர்ந்து இன்னொரு மரத்துக்கு மெதந்து போகும், நூறு மீட்டருக்கு மேல கூடப் போகும். பறக்குறது இல்ல, உயரத்துலேர்ந்து சரிஞ்சு எறங்குறது. பகல் முழுக்க மரத்தண்டோட ஒட்டிக்கிட்டுத் தூங்கும், சாம்பல்ல பச்சையும் வெள்ளையுமா திட்டுத் திட்டா இருக்கும், பாசி புடிச்ச பட்டையோட அப்படியே கலந்துரும். லோவர் பியர்ஸ் பலகைப் பாதை, மெக்ரிட்சி, புக்கிட் தீமால போகும்போது எல்லாரும் கெளையப் பாப்பாங்க, நீங்க தண்டப் பாருங்க. ஆளு ஒசரத்துலேர்ந்து ஆரம்பிச்சு மேல வரைக்கும், ஒவ்வொரு பெரிய மரத்தையும். ஈரத்துணிய மரத்துல அறைஞ்சு வச்ச மாதிரி ஒரு புடைப்பு தெரிஞ்சா நின்னு பைனாகுலர்ல பாருங்க, ஓரத்துல சின்ன நகம் பட்டையக் கவ்வியிருக்கும், தாயா இருந்தா சவ்வுக்குள்ளேர்ந்து ஒரு குட்டி மொகம் பெரிய கண்ணோட எட்டிப் பாக்கும். ஃபிளாஷ் போடாதீங்க, மரத்தத் தட்டாதீங்க. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல தான் அது அசைய ஆரம்பிக்கும், நமக்கு ஏழு மணிக்குள்ள வெளிய வந்தாகணும், அந்த நடுவுல கெடைக்கிற அரை மணி நேரத்துக்காகவே போகலாம்.

காட்டுப்பன்னி வந்தா

மண்ணு உழுதாப்புல பொரட்டிக் கெடந்தா, புல்லுத்தரை கிழிஞ்சிருந்தா, பன்னி மூக்கால கெழங்கும் புழுவும் தோண்டியிருக்கு. பாசிர் ரிஸ், பொங்கோல், புக்கிட் பாஞ்சாங், மண்டாய், உபின் தீவுன்னு பல எடத்துல இருக்கு, செம்பனைக் காய் விழுற எடம், மூடாத குப்பைத் தொட்டி ரெண்டும் அதுக்கு ரொம்பப் பிடிக்கும். குட்டிங்க முதுகுல மஞ்சக் கோடு கோடா இருக்கும், பாக்க அழகுதான், ஆனா தாய் பக்கத்துலயே நிக்கும், அதான் ஆபத்து. வழில பாத்தா நில்லுங்க, சத்தம் போடாதீங்க, அது போக வழி விட்டு மெதுவா பின்னால போங்க, சுவருக்கும் உங்களுக்கும் நடுவுல அத மடக்கிறாதீங்க. 2021 பிப்ரவரில பொங்கோல்ல ரெண்டு பேரு பன்னி முட்டி காயப்பட்டாங்க. ராத்திரி பைக்ல, சைக்கிள்ல போறவங்க காட்டு ஓர ரோட்டுல வேகத்தக் கொறைங்க.

அதிர்ஷ்டம் இருந்தா

அழுங்கு, அதான் எறும்புத்தின்னி, சருகுமான், தேவாங்கு, சிறுத்தைப்பூனை, கடமான், இதெல்லாம் இந்தத் தீவுலயே இருக்கு, ஆனா தேடிப் போயி பாத்துர முடியாது, அமைஞ்சா உண்டு. ஊருல இருக்க தேவாங்கு மாதிரியேதான் இங்கயும் பெரிய கண்ணு, ஆனா இதோட கடில விஷம் இருக்கு, கை வைக்காதீங்க. அழுங்கு பயந்தா உருண்டையா சுருண்டுக்கும், புலி வந்தா அது சரி, கார் வந்தா அந்தப் பழக்கமே அதுக்கு எமன். பிகேஇ எக்ஸ்பிரஸ்வே புக்கிட் தீமா காட்டையும் சென்ட்ரல் கேட்ச்மென்ட்டையும் ரெண்டா வெட்டிருச்சு, அதுக்காகத்தான் 2013ல ரோட்டுக்கு மேல 62 மீட்டர் நீளத்துக்கு மரம் நட்ட எக்கோ-லிங்க் பாலம் கட்டுனாங்க, மண்டாய்லயும் 2019ல ஒண்ணு தெறந்தாங்க. மனுசங்க அதுல நடக்க அனுமதி இல்ல, அது விலங்குக்கான பாதை.

கடலும் இங்க வேலி இல்ல. 1990ல ஜொகூர்லேர்ந்து மூணு யானை நீந்தி தெக்கோங் தீவுக்கு வந்துச்சு, 2023 ஜூலைல பொங்கோல்ல ஒரு தபீர் சைக்கிள் பாதை ஓரமா ஓடுனத வீடியோ எடுத்துருந்தாங்க. உபின் தீவுக்குப் போகணும்னா சாங்கி பாயிண்ட் படகுத்துறைல 12 பேரு சேந்தா படகு கெளம்பும், சீக்கிரமாப் போங்க, காட்டுப்பன்னிய பகல்ல பாக்க உபின்தான் நல்ல எடம், சைக்கிள் கூடைல பன்னு, பிஸ்கட் மட்டும் வச்சிராதீங்க.

எழுதி வைங்க, அவசரத்துக்கு நம்பர் வச்சுக்கங்க

தேதி, நேரம், எடம், என்ன செஞ்சுகிட்டு இருந்துச்சு, எதத் தின்னுச்சு, மழையா வெயிலா, இத ஃபோன்லயே ரெண்டு வரி எழுதுங்க. கொஞ்ச மாசம் கழிச்சு திரும்பப் படிச்சா எந்த மரம் பழுத்தப்ப எது வந்துச்சுன்னு உங்களுக்கே ஒரு கணக்கு புரியும், அந்தக் கணக்கு உங்க பார்க்குக்கு மட்டும் உண்டானது, வேற யாரும் உங்களுக்கு சொல்ல முடியாது. பேரு தெரியாததுக்கு ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல படத்தப் போட்டா தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. அழுங்கு, தேவாங்கு, லங்கூர் குட்டி மாதிரி பாத்தா மட்டும் சரியான எடத்த ஃபேஸ்புக்ல போடாதீங்க, அடுத்த நாளே கேமராவத் தூக்கிக்கிட்டு கூட்டம் கூடிரும், அது இன்னும் உள்ளுக்குள்ள போயிரும்.

அடிபட்டு கெடக்குற விலங்கப் பாத்தா, தனியா நிக்கிற குட்டியப் பாத்தா, நீங்களே தூக்காதீங்க. குட்டின்னா மொதல்ல தள்ளி நின்னு கொஞ்ச நேரம் பாருங்க, பல நேரம் தாய் பக்கத்துலயே நாம போகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும். வரலன்னா என்பார்க்ஸ் (தேசிய பூங்காக் கழகம்) விலங்கு உதவி நம்பர் 1800-476-1600, இல்ல ஏக்கர்ஸ் மீட்புக் குழு 9783 7782. பேசும்போது ரோட்டுப் பேரோட பக்கத்துல இருக்குற லேம்ப் போஸ்ட் நம்பரையும் சொல்லுங்க, ஒவ்வொரு விளக்குக் கம்பத்துலயும் ஒரு நம்பர் எழுதியிருக்கும், காட்டு ரோட்டுல புளோக் நம்பரும் கெடையாது கடையும் கெடையாது, அந்த நம்பர வச்சுத்தான் அவங்க நேரா வந்து சேருவாங்க. வர்ற வரைக்கும் வண்டிங்கள மெதுவாப் போகச் சொல்லி சைகை காட்டிக்கிட்டு பாதுகாப்பான பக்கமா நில்லுங்க, தண்ணி, சாப்பாடு எதுவும் வாயில வைக்காதீங்க.